ஆள் வருது

சாமு,

நேற்று நீ பூனாவிலிருந்து போன் செய்தபோது, "சரிப்பா, அப்படியே செஞ்சிரலாம்" என்று சொன்னேன். இன்றைக்கு, முடியாது என்று சொல்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். விஷயம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்து, கரும்பலகையைப் பார்த்தே பேசிப் பழகியவன் நான். எதிராளி முகம் தெரியாவிட்டால்தான் எனக்கு ஒழுங்காகப் பேச்சு வரும். இன்று காலை லேயாவுக்கு மெசேஜ் அனுப்பி அவளுடைய அப்பா அம்மாவின் வயதைக் கேட்டேன். அடுத்த நிமிஷமே நீ மூன்று கேள்விக்குறி போட்டு, எதற்கு என்று கேட்டாய். அதையும் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாமல் படி.

என்ன நடந்தது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன், நாளைக்கு உன் பிள்ளைகள் இதை எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும். நீ கட்டிக்கொள்ளப் போகிற லேயா யூத வீட்டுப் பெண். தாணேயில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய முன்னோர்கள் கொங்கணக் கரையில் செக்கு ஆட்டியவர்கள். ஓய்வுநாள் என்று சனிக்கிழமை மட்டும் செக்கு நிற்குமாம், அதனால் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே ஊர் கூப்பிட்டதாம். அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த பெருமையை நான் பார்த்தேன். அவள் இயேசுவைத் தன் ஜனத்துக்கு வாக்களிக்கப்பட்ட மேசியா என்று நம்புகிறாள். அதற்காக, தான் யூதப் பெண் இல்லாமல் போய்விட்டதாக அவள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவளுடைய அப்பா அப்படி நினைக்கிறார். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. "உலகம் முழுக்க நம்மை அடித்தவர்கள் யார் பெயரைச் சொல்லி அடித்தார்கள் என்று உனக்குத் தெரியாதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். கல்யாணத்துக்கு நாங்கள் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். அதற்கு நீ கண்டுபிடித்த வழிதான் நேற்று போனில் சொன்னது. மேடையில் பெண் பக்கத்தில் அப்பா அம்மாவுக்கான இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தால் லேயா அழுவாள், போட்டோவும் நன்றாக இருக்காது, அம்மாவின் அக்கா வீட்டுப் பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்த இடத்தில் உட்கார்ந்து அவளைக் கைப்பிடித்துக் கொடுக்கட்டும் என்றாய். கேட்க நல்ல யோசனையாகத்தான் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

இன்று காலை முதல் பஸ்ஸில் உன் அத்தை வந்தாள். என் தங்கச்சியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் இரண்டு பை முருங்கைக்காய், வாயில் ஊர்க் கதை முழுவதும். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் உன் யோசனையைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள். "பெத்தவுக உசுரோட இருக்காக. அந்த எடத்துல வேற ஆள உக்கார வப்பியா? நீயெல்லாம் என்னண்ணே பெரிய மனுசன்?" என்றாள். அவளோடு வந்திருந்த மகள் கயல் பக்கம் திரும்பி, "இவ காதப் பாரு. பாத்துட்டுப் பேசு" என்றாள். கயல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் அம்மா சிரிக்கவில்லை. அந்தக் காதைப் பற்றி உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதிப் பாதியில் நான் யோக்கியன் இல்லை என்பதால் இத்தனை வருடம் சொல்லாமல் விட்டேன்.

நான் அலங்காநல்லூர்ப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. மதுரைப் பசுமலைக்குப் படிக்க வந்த இடத்தில் இயேசுவை நம்பினேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பங்காளிகள் நிறுத்தினார்கள். உன் அத்தை மட்டும் நிறுத்தவில்லை. மாதம் ஒரு முறை கடலையோ கம்போ ஏதாவது ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவாள். "நீ எந்தச் சாமியவாச்சும் கும்புடு. எனக்கு அண்ணன் ஒருத்தன்தான்" என்று சொல்லி, மூட்டையை இறக்கிவிட்டுப் போவாள். பிறகு எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணம் ஆனது. அவள் நாலு தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். அவளுக்குப் பழகிப்போன விசுவாசம், எனக்குப் புதுசு. புதுசாக வந்தவனுக்கே உரிய சூடு எனக்கு இருந்தது. நீ ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிய சமயம், இயேசு ஒரு யூதர் என்பதை உலகத்தில் நான்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்ததுபோல் குதிக்க ஆரம்பித்தேன். எபிரெய எழுத்துப் படித்தேன். யூதர்களுக்கு விலக்கு என்று இறால், நண்டு இரண்டையும் வீட்டை விட்டுத் துரத்தினேன். உன் அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை. கூடாரப் பண்டிகை என்று ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் தென்னங்கீற்றால் பந்தல் போட்டேன். கே.கே. நகரில் மழைநாளில் திடீரென்று ஒரு வீட்டில் பந்தல் எழும்பினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டு அண்ணன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்து, "யாருக்கு என்னண்ணே ஆச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இது சந்தோஷப் பண்டிகை என்று நனைந்துகொண்டே விளக்கினேன். அவர் போகும்போது உன் அம்மாவைப் பார்த்த பார்வையில் உண்மையான அனுதாபம் இருந்தது.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத ஒன்றும் அதனோடு சேர்ந்தே நடந்தது. பசுமலையில் ஒரு வீட்டு மாடியில் எட்டுக் குடும்பங்கள் கூடுவோம், பாதி நாள் நான்தான் பிரசங்கம். யூதர்களுடைய பண்டிகைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டேன். அதே வாயால், யூதர்களைத் தேவன் தள்ளிவிட்டார், அவர்கள் இடத்தில் நாம் உட்கார்ந்துவிட்டோம் என்றும் பேசினேன். வீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரனை வெளியே அனுப்புகிற வேலை அது. அது எனக்கு உறைக்கவே இல்லை. நம்முடைய தேவன் எரிச்சலுள்ளவர், தம்முடையதை யாரோடும் பங்கு போடாதவர் என்று வேதத்தில் படித்தேன். படித்துவிட்டு, அவருக்காக எரிச்சல்படுகிற வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். யார் உள்ளே, யார் வெளியே, எந்த வீட்டில் சாப்பிடலாம், எந்த வாசலை மிதிக்கலாம் என்பதெல்லாம் என் அதிகாரம் ஆனது. அந்தச் சமயத்தில்தான் அத்தை வீட்டில் காதுகுத்து வைத்தார்கள்.

கயலுக்கு அப்போது ஒரு வயது. நம் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது என்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். சீர் வரிசை கூடலாம், குறையலாம், ஆனால் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டிச் செய்யப் போவதாகச் சொன்னார்கள். நான் வர முடியாது என்றேன். அதில் என் மனசாட்சி இருந்தது, அதை இப்போதும் தப்பென்று சொல்ல மாட்டேன். அத்தை மாமியார் வீட்டில் பத்து நாள் சண்டை போட்டு, விசேஷத்தை வீட்டு வாசலுக்கு மாற்றிவிட்டு என்னிடம் வந்தாள். "பூசை இல்ல. சாமி படம் இல்ல. கெடாயும் மறுநாள் அவுக தனியா வெட்டிக்கிறாக. நீ வந்து மடிய மட்டும் குடுண்ணே" என்றாள். நான் என்றைக்கு என்று கேட்டேன். பங்குனிப் பௌர்ணமி என்றாள். எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குப் பஸ்கா, யூதர்கள் எகிப்திலிருந்து விடுதலையான பண்டிகை. "அன்னைக்கு வீட்டத் தாண்டி வர முடியாதும்மா" என்றேன். "காலைல வந்துட்டு மத்தியானமே போயிரு" என்றாள். அதுவும் முடியாது என்றேன். ஒன்றரை மணி நேரப் பஸ்தான் சாமு. மடியை அரை மணி நேரம் கொடுத்தால் போதும். அவள் அழவில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். உன் அம்மா தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போய், பிள்ளைக்கென்று கடுகளவு கம்மல் ஒரு ஜோடி முன்னமே வாங்கி வைத்திருந்தாள். ரோஸ் காகிதத்தில் மடித்த அந்தப் பொட்டலம் பீரோவிலேயே கிடந்தது.

அந்தப் பஸ்கா உனக்கு ஞாபகம் இருக்கலாம். அத்தை வீட்டுக்குப் போனால் கறிச்சோறு உண்டு என்று நீ இரண்டு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாய். உனக்குக் கிடைத்தது பண்டிகை முறைப்படி உப்புத் தண்ணீர், வேப்பங்கொழுந்து, எண்ணெய் காட்டாமல் சுட்ட சப்பாத்தி. எலியா தீர்க்கதரிசி என்றைக்காவது வருவார் என்று யூத வீடுகளில் அன்று அவருக்கென ஒரு கிண்ணம் ஊற்றி வைப்பார்கள். நான் எதையும் அளவோடு செய்கிறவனா? ஒரு டம்ளர் திராட்சைச் சாறு, ஒரு தட்டு, ஒரு நாற்காலி எல்லாமே வைத்தேன். நீ ஒரு கையால் சப்பாத்தியைத் தள்ளிக்கொண்டே, "அவரு வரலைன்னா அவரு ஜூஸ நான் குடிக்கலாமாப்பா?" என்று கேட்டாய். "தொடக் கூடாது. அது அவருக்கு வைத்த இடம். எத்தனை வருஷம் ஆனாலும் அவருக்குத்தான்" என்று அதட்டினேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அங்க ஒரு பிள்ளை மடி இல்லாம நிக்குது. இவரு இங்க நாற்காலிக்குக் காவல் இருக்காரு" என்றாள். எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் அடுத்த ஜெபத்தைத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அத்தை வரவில்லை. நானும் போகவில்லை. காதுகுத்தை வேறு யாரையாவது வைத்து முடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பெரியப்பா மகன் ஒருத்தன் அவள் ஊரிலேயே இருந்தான், அவனும் அவளுக்கு அண்ணன் முறைதானே என்று சமாதானம் வேறு. அப்புறம் ஒரு தேர்தல் வந்தது. வாத்தியார்களுக்குத் தேர்தல் டூட்டி உண்டு என்று உனக்குத் தெரியும். எந்த ஊர் என்பது முதல் நாள்தான் தெரியும். கவரைப் பிரித்தேன். அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். என் வேலை, ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு விரலில் மை வைப்பது. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். காலை ஏழு மணியிலிருந்து தலையைக் குனிந்தபடியே, விரல்களை மட்டும் பார்த்து மை வைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். பட்டியலைப் பார்த்து முதல் மேசைக்காரர் உரக்க வாசித்த பெயர் உன் அத்தையுடையது.

அவள் வந்து நின்றாள். இடது கையை நீட்டினாள். களையெடுத்துக் காய்த்துப்போன விரல். குச்சியை ரொம்ப முக்கிவிட்டதில் மை நகத்தைத் தாண்டி விரல் பாதிக்கு இறங்கிவிட்டது. "பட்டையா வச்சுட்டீங்களே சார்" என்றாள். அந்த "சார்" என்னைச் சுட்டது. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தேன். அவளைக் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான். இப்போது ஐந்து வயது, எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைச் சடை. இரண்டு காதும் வெறுமையாக இருந்தன. கம்மல் மட்டுமல்ல, ஓட்டையே இல்லை. "பாப்பாவுக்குக் காது குத்தலையா?" என்று கேட்டுவிட்டேன். என்னை யாரென்று தெரியாத அந்தப் பிள்ளை, "எங்க மாமா மடிலதான் குத்தணும். மாமா மதுரைல இருக்காரு. கோவிச்சுக்கிட்டாரு. வருவாரு" என்றது.

சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜென்ட் ஒருவர் சிரித்தார். "அத ஏன் சார் கேக்குறீங்க. நாலு வருசமா இந்தப் பிள்ளைய மூளிக் காதோட வச்சுக்கிட்டுத் திரியுது இந்த அக்கா. எம்புட்டோ சொல்லிப் பாத்தாச்சு. காதுகுத்தன்னைக்குப் பந்தல் போட்டு, சமையல் முடிஞ்சு, சனம் பூராம் உக்காந்திருக்கு. பெரியப்பா மகன் மடிய விரிச்சு உக்காந்துட்டாரு. இந்தக்கா போயி, 'எந்திரிண்ணே, ஆள் வருது'ன்னு எழுப்பி விட்டுருச்சு. ஆளும் வரல, காதும் குத்தல. சோத்த மட்டும் திண்டுட்டு வந்தோம்" என்றார். பஸ் ஜன்னலில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவன் சொல்கிற அதே வார்த்தை. ஊரே சிரிக்கும் என்று தெரிந்தும் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். நாலு வருடம் பால்வாடியிலும் குழாயடியிலும் பிள்ளையோடு சேர்ந்து கேலியை வாங்கியிருக்கிறாள். இத்தனைக்கும் அவளை வேண்டாம் என்று சொன்னவன் நான். அவள் போய் ஓட்டு மிஷின் பொத்தானை அழுத்தினாள். வெளியே போகிற வழியில் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டியாண்ணே?" என்றாள். ஏஜென்ட்டின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. நான் மைக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து நின்ற கிழவரின் விரலில் வைக்க வேண்டியதை என் விரலிலேயே வைத்துக்கொண்டேன். மத்தியானம் அவள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கறிச்சோறு வந்தது. டூட்டியில் இருக்கிறவர்கள் யார் வீட்டுச் சாப்பாட்டையும் வாங்கக் கூடாது என்பது விதி. விதி பார்த்துத்தானே நாலு வருடம் கெட்டேன் என்று வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதமே காதுகுத்து. உன் அம்மா அந்த ரோஸ் பொட்டலத்தைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காது குத்துவது என்ன லேசுப்பட்ட வேலையா? ஒரு வயதில் குத்தியிருந்தால் அழுதிருப்பாள், ஐந்து வயதில் கடித்துவிட்டாள். என் இடது முழங்கைக்குக் கீழே இருக்கிற தழும்பு நாய் கடித்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது நாய் இல்லை, கயல். இன்றைக்கு அவள் நர்ஸ், ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறாள். தன் காதுக்குப் புதுக் கம்மல் வாங்கினால் முதலில் எனக்குத்தான் போட்டோ வரும்.

அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து யோசித்தேன். தேவனுடைய எரிச்சல் என்றால் சந்தேகக்காரக் கணவன் மாதிரி, பிரம்போடு நிற்கிற ஹெட்மாஸ்டர் மாதிரி ஏதோ ஒன்று என்று அதுவரை நினைத்திருந்தேன். அது உன் அத்தை மாதிரி. "இது இன்னாருடைய இடம், அவன் என்னை விட்டுப் போனாலும் இது அவனுடையதுதான்" என்று எந்த மாற்று ஆளையும் ஒத்துக்கொள்ளாத அன்பு. அவர் ஒரு ஜனத்துக்கு வாக்குக் கொடுத்தார். இயேசுதான் மேசியாவா என்று கேட்டால் அந்த ஜனத்தில் பெரும்பாலானவர்கள் இன்றைக்கும் இல்லை என்கிறார்கள். அந்த இல்லையில் பாதி, அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு நம்மைப்போன்றவர்கள் அவர்களுக்குச் செய்ததால் வந்தது. அதற்காக அவர் அந்த இடத்தை இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நான் மாடியில் நின்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே எட்டுக் குடும்பத்தின் முன்னாலும் எழுந்து, இத்தனை நாள் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். இரண்டு குடும்பம் அதோடு வருவதை நிறுத்திவிட்டது. போகட்டும்.

அப்படியானால் நாம் இரண்டாம் தரமா என்று நீ கேட்பாய். எனக்கும் அந்தப் பயம் வந்தது. ஆனால் உன் அத்தை என் இடத்தை எனக்காக வைத்திருந்தாள் என்பதற்காக ஊர்க்காரர்கள் யாரையும் பந்தியை விட்டு எழுப்பவில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் இலை விழுந்தது, எல்லாருக்கும் அதே கறிதான். நாம் பிந்தி வந்து பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாமு. நம்மைக் கூப்பிட்டதும் அவர்தான், நமக்கு இலை போட்டதும் அவர்தான். தைரியமாகச் சாப்பிடலாம். முந்தி உட்கார்ந்தவனுடைய இலையை மடக்க மட்டும் நமக்கு உரிமை இல்லை. இன்னொன்றும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. உன் அத்தை என்னைக் கேட்டாளே தவிர, நான் மதுரைக்கு வராத பழைய அண்ணனாக மாற வேண்டும் என்று கேட்கவில்லை. இயேசுவை நம்புகிற இந்த அண்ணன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தேவனும் என்னை யூதனாக வேஷம் போட்டு வரச் சொல்லவில்லை. அலங்காநல்லூர்ச் சம்சாரி மகனாகவே கேட்டார். என் விஷயத்திலும் அவருக்கு அதே எரிச்சல்தான். என்னை எதற்கும், யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். மறுவாரம் உன் அம்மாவுக்கு அரைக் கிலோ இறால் வாங்கி வந்தேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே சுத்தம் செய்தாள்.

ஆகவே கல்யாணத்துக்குப் பிறகு லேயாவோடு வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கேற்றி உட்கார், நன்றாகவே உட்கார். அவளுக்காக யூதக் குல்லாய் போட்டுக்கொண்டு நான் ஆனதுபோல் கோமாளி ஆகாதே. போன டிசம்பரில் அவள் வந்தபோது, தேங்காய்த் துருவலும் பழமும் போட்டு இனிப்பு அவல் பிசைந்து, எலியாவின் பெயரைச் சொல்லி ஒரு தட்டு வைத்தாளே, அது அவளுடைய அப்பா வருஷா வருஷம் அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. அந்த அவலை அவள் உயிருள்ளவரை பிசையட்டும். சபையில் யாராவது அவளை மேடையேற்றி, யூதப் பெண்ணே வந்துவிட்டாள் பாருங்கள் என்று கைதட்டச் சொன்னால், நீ எழுந்து அதை நிறுத்து. அவளுடைய அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடமும் இல்லை. இருப்பதாக நடிக்காதே. நம்மைப் பார்த்து அவர்களுக்குப் பொறாமை வர வேண்டும், எங்கள் வீட்டுச் சொத்து இவர்களிடம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்கிற நல்ல பொறாமை. இயேசுவின் அப்போஸ்தலர் ஒருவரும் தன் கடிதத்தில் அப்படித்தான் ஆசைப்பட்டார். இத்தனை நூற்றாண்டாக நாம் அவர்களுக்கு வரவழைத்தது பயம்தான். ஒரு வீட்டிலாவது அது மாறட்டும், அது உன் வீடாக இருக்கட்டும்.

புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் எரிச்சல் வரும். வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். ஆனால் கதவைப் பூட்டுகிற எரிச்சல் ஒன்று உண்டு, இடம் பிடித்து வைக்கிற எரிச்சல் ஒன்று உண்டு. அவள் போன் யாரிடமிருந்து வந்தது, ஏன் அவனோடு சிரித்தாள் என்று குடைவது முதல் வகை. அவள் உன்மேல் கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் அவள் தட்டை எடுக்காமல் வைத்திருப்பது இரண்டாம் வகை. முதல் வகையில் நான் கெட்டிக்காரன். இரண்டாவதை என் தங்கச்சியிடம் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அதனால்தான் நேற்று சரி என்றதை இன்று மாற்றுகிறேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். அவர்களிடம் நானே சொல்லிவிட்டேன். பெரியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், புதுப் பட்டுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாயிற்றாம். பத்திரிகையில் லேயாவின் அப்பா அம்மா பெயரை நம் பெயருக்கு மேலே போடச் சொல்லிவிட்டேன். மேடையில் அந்த இரண்டு நாற்காலியும் இருக்கும். லேயா அழுதால் அழட்டும், அப்பா அம்மாவுக்காக ஒரு பிள்ளை அழுவதில் வெட்கம் என்ன இருக்கிறது? காலி நாற்காலியைப் பார்த்து அழுவாள், வேறு யாரோ உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்தால் உள்ளுக்குள் உடைந்து போவாள். போட்டோக்காரர் வந்து யாராவது உட்காருங்கள் என்று கையை ஆட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இனி வயது விஷயம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நானும் அத்தையும் மும்பை ரயிலில் தாணேக்குப் போகிறோம், அவர்களை நேரில் அழைக்க. முதலில் நான் மட்டும் போவதாகத்தான் சொன்னேன். "ஒன்னய நம்பியெல்லாம் அனுப்ப முடியாது, நீ பிரசங்கம் பண்ணுவ" என்று அத்தையும் கிளம்பிவிட்டாள். அவளுக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. "பொண்ணப் பெத்தவருகிட்ட பொண்ணக் குடுங்கன்னு கேக்க பாஷை எதுக்கு? தட்ட நீட்டுனா தெரியாதா?" என்கிறாள். கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "வாசல்ல உக்காந்து புளிச்சோறு திம்போம். எம்புட்டு நேரம் சாத்தி வப்பாக?" என்றாள். அங்கே போய் நான் வேதம் பேசப்போவதில்லை. நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது, மன்னியுங்கள், உங்கள் இடம் அப்படியே இருக்கிறது, வாருங்கள் என்று மட்டும் சொல்லப்போகிறேன். அவர்கள் வந்து தங்க, மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று.

கயல் தன் போனிலேயே டிக்கெட் போட்டாள். "போக ரெண்டு, வர ரெண்டுதான மாமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அத்தை, "போக ரெண்டு, வர நாலு" என்றாள். பொண்ணப் பெத்தவுக ஒரு வாரம் முன்னாடியே வந்து இருக்க வேண்டாமா என்று எங்களையே திருப்பிக் கேட்டாள். டிக்கெட்டுக்குப் பெயரும் வயதும் வேண்டும், அதற்குத்தான் லேயாவைக் கேட்டேன். அவளுடைய அப்பாவுக்கு முழங்கால் வலி என்று அவள் முன்பு சொல்லியிருந்தாள், கீழ்ப் படுக்கையாகவே கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவர்கள் வராமல் போனால் தாணேயிலிருந்து மதுரை வரைக்கும் இரண்டு இடம் காலியாகத்தானே வரும், டிடிஆர் வந்து பார்த்துவிட்டு வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிற வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரே என்று கேட்டேன். உன் அத்தை முருங்கைக்காயை ஒடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுத்துப் பாக்கட்டும்" என்றாள்.

அப்பா